செமினரிக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரித் தேர்வு முடிவு வெளியாகும் மாதங்களில் இரண்டு மூன்று பேராவது என்னைத் தேடி வருவார்கள். “ஐயரே, செமினரிக்குப் போகலாம்னு இருக்கேன்” என்று தொடங்குவார்கள். சிலர் அம்மாவையும் கூட்டி வருவார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) சேகர குருவாக இருப்பவன்; சேகரம் என்றால் சில சபைகள் சேர்ந்த வட்டாரம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஐயர் என்றால் சபைக் குருவானவர்தான், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

செமினரி, வேதாகமக் கல்லூரி, குருமடம் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. குருமடம் கத்தோலிக்கர் சொல். அங்கே படிப்பும் துறவு வாழ்க்கைக்கான பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். வேதாகமக் கல்லூரி, வேதாகமப் பள்ளி என்ற பெயரில் இருப்பவை பல வகை. மூன்று மாதப் பயிற்சி தருவதும் உண்டு, பட்டம் வரைக்கும் போவதும் உண்டு. செமினரி அல்லது இறையியல் கல்லூரி என்றால் பெரும்பாலும் பட்டப்படிப்பு. வேதாகமம், சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், அறநெறி, பிரசங்கக் கலை, ஆலோசனைப் பணி எல்லாம் பாடமாக இருக்கும். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தப் பட்டம், யார் தருகிறார்கள், உங்கள் சபை அதை ஏற்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

நான் பி.எஸ்சி. முடித்துவிட்டேன். இன்னும் எத்தனை ஆண்டு?

சேரம்பூர் முறையில் (வங்காளத்திலிருந்து பட்டம் தரும் அமைப்பு, கீழே சொல்கிறேன்) பி.டி. எனப்படும் இறையியல் இளநிலைப் பட்டத்துக்குப் பட்டதாரிகள் வழக்கமாக நான்கு ஆண்டு படிக்க வேண்டும். ஏசியா தியலாஜிக்கல் அசோசியேஷன் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் எம்.டிவ். என்ற பட்டம் உண்டு, பட்டதாரிகளுக்கு அது மூன்று ஆண்டு. அதற்கு மேல் படிக்க விரும்பினால் எம்.டிஎச்., அது இரண்டு ஆண்டு. அதில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு போல ஏதாவது ஒரு துறையை எடுத்து ஆழமாகப் படிப்பார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. “பி.டி. படிக்கப் போகிறேன்” என்று சொந்தக்காரர்களிடம் சொன்னால் விளையாட்டு வாத்தியார் வேலைக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். என் பெரியப்பா, நான் அபிஷேகம் பெறும், அதாவது குருவாக நியமிக்கப்படும், நாள் வரைக்கும், எந்தப் பள்ளியில் விசில் ஊதப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழைப்பு இருக்கிறது. நானே விண்ணப்பித்துச் சேர்ந்துவிடலாமே?

சேரலாம். ஆனால் படித்து முடித்த பிறகு என்ன செய்வீர்கள்? வருகிறவர்களில் பாதிப் பேர் யோசிக்காத இடம் இதுதான். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை போன்ற சபைகளில் யாரும் தானாகவே ஆயராகிவிட, அதாவது சபைக் குருவாகிவிட, முடியாது. சபை அனுப்பித்தான் போக வேண்டும். முதலில் உங்கள் சேகரக் கமிட்டி பரிந்துரைக்க வேண்டும். பிறகு திருமண்டலத்தில், அதாவது ஒரு பேராயரின் கீழ் இருக்கும் பகுதியில், ஒரு தேர்வுக் குழு கூப்பிட்டுப் பேசும். வேதாகமத் தேர்வு, நேர்முகம், மருத்துவச் சான்று எல்லாம் இருக்கும். அதில் தேறினால் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ ஏதாவது ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாருக்கு (ஊர்ச் சபையை நடத்தும் ஊழியர்) துணையாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் கல்லூரி. இந்த வரிசை திருமண்டலத்துக்குத் திருமண்டலம் கொஞ்சம் மாறும். ஆனால் அனுப்புகிறவர் இல்லாமல் போகக் கூடாது என்பது எங்கும் ஒன்றுதான்.

சொந்தச் செலவில் படித்துவிட்டு வந்து, “பட்டம் இருக்கிறது, அபிஷேகம் செய்யுங்கள்” என்று நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல படிப்பாளி, வகுப்பில் முதலிடம். அவருடைய சபைக்கோ அவரைத் தெரியவே தெரியாது. ஆறு ஆண்டு காத்திருந்தார். குற்றம் யார்மேல் என்று நான் சொல்லப் போவதில்லை. சேரும்முன் அரைமணி நேரம் தன் ஆயரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஆறு ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

தேர்வுக் குழுக்களில் சிபாரிசும் அரசியலும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தேர்தல் நடக்கும் எந்த இடத்தில்தான் அது இல்லை? அதனால்தான் உங்களைச் சிறுவயதிலிருந்து பார்த்த சபைக்காரர்கள் முக்கியம். ஓய்வுநாள் பள்ளியில் நீங்கள் பாடம் சொன்ன பிள்ளைகளின் தாய்மார் உங்களுக்காகப் பேசினால் அதைக் கமிட்டி தள்ளிவிடுவது கஷ்டம்.

சேரம்பூர் எங்கோ வங்காளத்தில் இருக்கிறது. மதுரையில் படிப்பவருக்கு அது எப்படிப் பட்டம் தருகிறது?

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஊக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் சேரம்பூர். வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்ற மூன்று பாப்டிஸ்ட் மிஷனெரிகள் 1818இல் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். அப்போது அந்த ஊர் ஆங்கிலேயர் கையில் இல்லை, டென்மார்க்காரர் கையில் இருந்தது. டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827இல் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக எழுதிக் கொடுத்தார். 1845இல் டென்மார்க் தன் இந்தியப் பகுதிகளை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமை போகவில்லை. 1918இல் வந்த சேரம்பூர் கல்லூரிச் சட்டம் அதை உறுதிப்படுத்தி, செனட் என்ற அமைப்பின் கையில் கொடுத்தது. இன்று நாட்டின் பல இறையியல் கல்லூரிகள் இந்த செனட்டோடு இணைந்தவை. பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் அங்கிருந்து வருகின்றன.

அதே 1845 விற்பனையில்தான் நம் தரங்கம்பாடியும் கைமாறியது. அங்கே ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கினார். 1716இலேயே உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு செமினரி தொடங்கினார்கள். அந்த மிஷனில் உபதேசியாராக இருந்த ஆரோன் 1733இல் அபிஷேகம் பெற்று முதல் தமிழ் லுத்தரன் போதகரானார். ஆக, முதலில் ஊழியம், பிறகு அபிஷேகம் என்ற வரிசை நம் ஊரில் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

தமிழிலேயே படிக்க முடியுமா? எனக்கு ஆங்கிலம் தகராறு.

முடியும். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழிக்குப் பேர்போனது. பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரிக்கோ சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் குருகுலம் என்ற லுத்தரன் இறையியல் கல்லூரிக்கோ போனால் ஆங்கிலம் வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்குக் கண்டி அருகே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. 1963இல் பல சபைகள் சேர்ந்து தொடங்கிய அந்தக் கல்லூரியில் சிங்களம், தமிழ் இரண்டிலும் பாடம் நடக்கும்.

ஆனால் ஆங்கிலத்தை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். விளக்கவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பேச வராவிட்டாலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தேற்றிக்கொள்ளுங்கள்.

எபிரெயமும் கிரேக்கமும் எதற்கு? தமிழ் வேதாகமம்தான் இருக்கிறதே?

நானும் இதே கேள்வியோடுதான் போனேன். முதல் இரண்டு மாதம் எபிரெய எழுத்துகளே கண்ணுக்குள் நிற்கவில்லை. வலமிருந்து இடமாக எழுதுவார்கள், உயிர்க்குறிகள் எழுத்துக்கு அடியிலும் மேலேயும் புள்ளிப் புள்ளியாக இருக்கும். கண்ணாடி போட வைத்துவிடுவார்கள் போல என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தைப் பலகையில் எழுதினார் வாத்தியார். “தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்” என்று நமக்கெல்லாம் மனப்பாடம். ஆவி என்பதற்கு அங்கே இருக்கும் சொல் ‘ரூவாக்’. காற்று, மூச்சு, ஆவி மூன்றும் அதற்குள் அடக்கம். இலக்கணப்படி அது பெண்பால், அதற்குப் பொருந்திவரும் ‘மெரகெஃபெத்’ என்ற வினையும் பெண்பால் வடிவம். தமிழில் நாம் ‘ஆவியானவர்’ என்று மரியாதை கொடுத்ததும் அந்தப் பால் எங்கோ மறைந்துவிடுகிறது. அப்புறம் அதே வினை வேறு எங்கே வருகிறது என்று தேடச் சொன்னார். உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் கிடைத்தது. கழுகு தன் குஞ்சுகளின்மேல் அசைவாடுவதைச் சொல்லும் இடம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் ‘அசைவாடி’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள்! சின்ன வயதிலிருந்து இரண்டு வசனத்தையும் சொல்லிக்கொண்டிருந்தும் எனக்கு அது உறைத்ததே இல்லை. தண்ணீரின்மேல் காற்று வீசும் படத்துக்குப் பதில், கூட்டின்மேல் சிறகடிக்கும் தாய்ப்பறவை வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் ஞானஸ்நான ஆராதனையில் தொட்டித் தண்ணீரைப் பார்க்கும்போது அந்தப் பறவை நினைவுக்கு வரும்.

அதற்காகப் பிரசங்க மேடையில் நின்று “எபிரெயத்தில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்றால்…” என்று வாரம்தோறும் ஆரம்பிக்காதீர்கள். செமினரியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இந்த வியாதி ஓர் ஆண்டு இருக்கும். பிறகு தானே சரியாகிவிடும்.

செமினரிக்குப் போனால் விசுவாசம் போய்விடும் என்கிறார்களே?

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்காவும் இதையே சொன்னார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் பருவத்திலேயே ஆதியாகமம் ஒன்று, இரண்டு அதிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்வார்கள். ஒன்றில் செடிகொடி, விலங்கு எல்லாம் வந்த பிறகு மனிதன் கடைசியில் வருகிறான். இரண்டில் மனிதன் முதலில் வருகிறான், தோட்டமும் விலங்குகளும் பிறகு. இதைப் பார்க்க எபிரெயமே தேவையில்லை. உங்கள் தமிழ் வேதாகமத்தையே எடுங்கள். முதல் அதிகாரம் முழுக்க ‘தேவன்’ என்று இருக்கும். இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து ‘தேவனாகிய கர்த்தர்’ என்று மாறும். வேறு வேறு மரபிலிருந்து வந்த இரண்டு விவரிப்புகள் என்று ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஓர் ஆதாரம்.

இதைக் கேட்ட அன்று இரவு விடுதியில் சிலர் சாப்பிடவில்லை. ஒரு தம்பி பெட்டியைக் கட்டிவிட்டான். அவன் இப்போது நல்ல ஆயர், அது வேறு விஷயம். என் அனுபவத்தில், போனது விசுவாசம் இல்லை. எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்ற மிதப்புதான் போனது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சில வகுப்புகளில் கலைத்துப் போடுவார்கள், திரும்ப அடுக்கச் சொல்லித் தர மாட்டார்கள். அப்போது ஜெபிக்க ஒரு நண்பனும் கதவைத் தட்ட ஒரு வாத்தியாரும் இல்லாவிட்டால் கஷ்டம்தான். சேர்ந்த முதல் மாதத்திலேயே இருவரையும் தேடிக்கொள்ளுங்கள்.

வகுப்பறைக்கு வெளியே என்ன பயிற்சி?

சனி ஞாயிறுகளில் பக்கத்துச் சபைகளில் ஊழியம் இருக்கும். விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்புவார்கள். அரசரடியில் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதி மக்களோடு தங்கிப் படிக்க வைத்த மரபு உண்டு. வாடகை வீடு, தண்ணீர்ப் பிரச்சினை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அங்கே பாடம்.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது மருத்துவமனைப் பயிற்சி. சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்பார்கள். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் ஒருகாலத்தில் மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். தேறிய பிறகு, 1925இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை வரவழைத்து, நோயாளிகளையே பாடப் புத்தகமாக வாசிக்கச் சொன்னார். அந்த முறை வளர்ந்து இங்கே வரைக்கும் வந்திருக்கிறது.

வேலை என்னவென்றால், நோயாளியோடு பேசிவிட்டு வந்து அந்தப் பேச்சை வரிவரியாக எழுத வேண்டும். அவர் இப்படிச் சொன்னார், நான் இப்படிச் சொன்னேன் என்று. நான் எழுதிய முதல் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை எடுத்துவிட்ட ஒரு லாரி ஓட்டுநர். அவர் சொன்ன மூன்றாவது வரி: “இனிமே கிளட்ச்சை எந்தக் காலால மிதிக்கிறது?” என்னுடைய நான்காவது வரி: “அண்ணே, ஜெபம் பண்ணட்டுமா?” பயிற்சி கொடுத்தவர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுற்றி, ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார். “இந்த ஜெபம் அவருக்கு வேண்டியிருந்ததா, உனக்கா?” அடுத்த நாள் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். அரைமணி நேரம் லாரியைப் பற்றியே பேசினார். கிளம்பும்போது அவரே, “தம்பி, நேத்து ஏதோ ஜெபம்னீங்களே” என்றார்.

பெண்கள் சேரலாமா? ஆயராக முடியுமா?

சேரலாம். எந்தச் சபை என்பதைப் பொறுத்து ஆகலாம். 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1976 முதல் பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கிறது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். இந்தச் சபையின் முதல் பெண் பேராயர் அவர். கத்தோலிக்கத்தில் இல்லை, பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் இல்லை.

சட்டம் இருந்தால் போதாது. எங்கள் ஊரில் ‘ஐயரம்மா’ என்றால் ஐயருடைய மனைவி. ஒரு சேகரத்துக்குப் பெண் குரு வந்தபோது எப்படிக் கூப்பிடுவது என்று முதல் மாதம் முழுக்கத் தடுமாறினார்கள். ஐயரம்மா என்று கூப்பிட்டுவிட்டு, “ஐயர் எங்கே?” என்று அவர் பின்னால் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே, “நான்தான் ஐயர், உள்ளே வாங்க” என்பார். ஓர் அடக்க ஆராதனையை அவர் நடத்திய விதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

செமினரியில் சாதி உண்டா?

சபையில் இருப்பது செமினரிக்கும் வரும். 1833இலேயே கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் அதை எதிர்த்துப் பெரிய கலகமே நடந்தது. இன்றைக்கும் திருமண்டலத் தேர்தல் வந்தால் யார் எந்த ஆள் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அதை எதிர்த்து யோசித்ததும் செமினரிதான். தலித் இறையியல் அங்கே வெறும் பாடத்தலைப்பாக நிற்கவில்லை. அரசரடியில் வாத்தியாராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டு எழுதியவர். பறையும் நாட்டுப்புற மெட்டும் சேர்த்து வழிபாட்டு முறையே அமைத்தார். ‘ஒரு உலை’ என்பது அவர் அடிக்கடி சொன்னது. ஒரே பானையில் சமைத்துச் சேர்ந்து சாப்பிட வேண்டும், திருவிருந்துக்கு அர்த்தம் அங்கேதான் என்பார். தப்பட்டையைக் கோயிலுக்குள் விடலாமா என்று கேட்கிற சபைகளுக்கு அவருடைய மாணவர்கள்தான் இன்று ஆயர்களாகப் போகிறார்கள்.

கத்தோலிக்கக் குருமடப் பயிற்சி எப்படி வேறுபடுகிறது?

நீளம் அதிகம். மெய்யியல் இரண்டு மூன்று ஆண்டு, நடுவில் களப்பணி, பிறகு இறையியல் நான்கு ஆண்டு. திருமணம் இல்லை. சென்னைப் பூந்தமல்லியில் இருக்கும் திரு இருதய குருமடம் 1936இல் தொடங்கியது. புனேயில் இருக்கும் பாப்பிறைக் குருமடத்துக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாப்பரசர் பதிமூன்றாம் சிங்கராயர் (லியோ) 1893இல் அதைக் கண்டியில்தான் தொடங்கி வைத்தார், 1955இல் புனேக்கு மாற்றினார்கள். மற்றதை உங்கள் பங்குத் தந்தையிடம் கேளுங்கள், எனக்கு வெளியிலிருந்து தெரிந்தது இவ்வளவுதான்.

திருமணமானவர் சேரலாமா? செலவு?

சேரலாம், சில கல்லூரிகளில் குடும்பக் குடியிருப்பு உண்டு. சபை அனுப்பினால் செலவில் பெரும்பகுதியை அதுவே ஏற்கும், பதிலுக்கு இத்தனை ஆண்டு எங்களிடம் ஊழியம் செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கும். கையெழுத்துப் போடும்முன் வாசியுங்கள்.

வேலையை விடாமல் படிக்க வழி உண்டா?

உண்டு. சேரம்பூர் செனட் வெளிநிலையில் கிறிஸ்தவ இயல் பட்டயமும் பட்டமும் தருகிறது. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். ஆயராவதற்கான வழி இல்லை இது. ஆனால் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவருக்கும் சபையில் பிரசங்கம் செய்கிறவருக்கும் நன்றாக உதவும்.

பி.டி. வைத்து வேறு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நம்பாதீர்கள்.

முடித்தவுடன் ஆயராகிவிடுவேனா?

இல்லை. திரும்பி வந்ததும் ஒரு மூத்த குருவின் கீழ் சில காலம். பிறகு டீக்கன், அதாவது உதவிக் குரு, அபிஷேகம். அதற்கும் பிறகுதான் பிரஸ்பிட்டர், அதாவது முழுக் குரு. டீக்கனாக இருக்கும்போது திருவிருந்து பரிமாற உதவலாம், அதை நடத்த முடியாது. நான் டீக்கனாக இருந்த ஊரில் ஒரு பாட்டி ஒவ்வொரு மாதமும் கேட்பாள், “எப்போ எனக்கு நீ அப்பம் பிட்டுத் தருவே?” என்று. நான் பிரஸ்பிட்டரான வாரம் அந்த ஊருக்குப் போனேன். அவள் படுக்கையில் இருந்தாள். வீட்டிலேயே நடத்தினோம்.

சேர்க்கைக்குப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, கல்விச் சான்றுகளின் அசல், ஆயரின் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஞானஸ்நானச் சான்றில் ஒரு பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றில் வேறு பெயரும் இருப்பது நம் பக்கம் சகஜம், அதை இப்போதே சரிசெய்யுங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரம் காலியாக இருந்தால் நல்லது. ஒரு பக்கெட். கொசுவலை கட்டாயம்.